1,380 கோடியா, 4,650 கோடியா? காணக்கூடிய அண்டத்துக்கு எந்த எண்ணை எழுதுவது

போன வருடம் பள்ளிக் கண்காட்சியில் வானியல் மூலையை என் தலையில் கட்டினார்கள். நானும் சந்தோஷமாக இரண்டு ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டினேன். ஒன்றில், ‘அண்டத்தின் எல்லை: 1,380 கோடி ஒளியாண்டுகள்’. பக்கத்தில் இருந்ததில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டுபிடித்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற விண்மீன் மண்டலத்தின் படம். அதன் கீழே, ‘தொலைவு: 3,300 கோடி ஒளியாண்டுகளுக்கும் மேல்’. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “சார், அப்ப இது எல்லைக்கு வெளியில இருக்கா?”

இரண்டையும் எழுதியது நான்தான். தனித்தனிக் காகிதத்தில் படித்தபோது இரண்டும் சரியாகத்தான் பட்டன. ஒரே சுவரில் மாட்டியதும் ஒன்று மற்றதைப் பொய்யாக்கிவிட்டது. அன்றைக்கு ஏதோ சமாளித்து அனுப்பினேன். இந்த வருடம் மறுபடி ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். ஒரு வரிக்குத்தான் இடம். எந்த எண்ணைப் போடுவது என்று உட்கார்ந்து பார்த்தால் 1,380, 1,450, 1,650, 4,540, 4,650, 9,300 என்று வரிசை நீள்கிறது, போதாததற்கு 4.2 கோடி என்று குட்டியாக ஒன்று வேறு. எல்லாம் ஒளியாண்டுக் கணக்கு, அதாவது ஒளி ஓராண்டில் ஓடும் தூரத்தை அலகாக வைத்தது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கேள்விக்குச் சரியான பதில். எந்தக் கேள்வி என்பதை எழுதாமல் விட்டதுதான் நான் செய்த தப்பு.

எண்களுக்குப் போகும் முன் சொல்லைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ‘காணக்கூடிய அண்டம்’ என்றதும் கண்ணால் காண்பது என்றுதான் மனதுக்குத் தோன்றும். கண்ணால் என்றால், நல்ல இருட்டான ஊரில் ஆந்த்ரோமெடா மண்டலம் ஒரு மங்கலான திட்டாகத் தெரியும். சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. பெரும்பாலானவர்களுக்குக் கண்ணின் எல்லை அதோடு சரி. வானியலார் சொல்லும் ‘காணக்கூடிய’ அதுவல்ல. இன்று நம் கையில் என்ன கருவி இருக்கிறது என்பதையும் அது பார்ப்பதில்லை. அண்டம் தோன்றியதிலிருந்து இன்றுவரை உள்ள நேரத்துக்குள், ஒளியின் வேகத்தில் ஒரு செய்தி எங்கிருந்தெல்லாம் நம்மை வந்தடைந்திருக்க முடியுமோ அந்தப் பரப்பு முழுவதும் காணக்கூடியதுதான். பார்த்தோமா என்பது வேறு விஷயம், பார்க்க வழி இருந்ததா என்பதே கேள்வி. ‘நோக்கத்தக்க’ என்று சிலர் எழுதுகிறார்கள். பொருளுக்கு அது கொஞ்சம் நெருக்கம்தான், ஆனால் பள்ளிச் சுவரில் அதைப் போட்டால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ‘காணக்கூடிய’ என்றே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போடுவது என்று முடிவு செய்தேன்.

இன்னொன்று: ‘அண்டத்தின் எல்லை’ என்று நான் போன வருடம் எழுதியதே தப்பு. காணக்கூடிய அண்டத்துக்கு எல்லை உண்டு. முழு அண்டத்துக்கு எல்லை இருப்பதற்கு எந்தச் சான்றும் இதுவரை இல்லை, அது முடிவே இல்லாமல் போகக்கூடும். இந்த இடத்தில் தமிழில் நமக்கு அருமையான ஒரு சொல் கைவசம் இருக்கிறது: தொடுவானம். கரையில் நிற்பவருக்குச் சுமார் 5 கிலோமீட்டரில் கடல் முடிந்துவிடுவது போலத் தெரியும். கடல் முடியவில்லை, நம் பார்வைதான் முடிகிறது. அந்தக் கோட்டில் மிதக்கும் படகுக்காரருக்கு அவரைச் சுற்றி வேறொரு வட்டம். அவருடைய தொடுவானத்தின் விளிம்பில் நாம் நிற்கிறோம். “காணக்கூடிய அண்டத்துக்கு நடுவில் நாம்தானா?” என்று பிள்ளைகள் கேட்டால், ஆமாம் என்றே சொல்லலாம், ஆந்த்ரோமெடாவில் இருப்பவருக்கு அவருடையதின் நடுவில் அவர் என்பதையும் சேர்த்து.

அப்புறம் கோடி, பில்லியன் தகராறு. ஒரு பில்லியன் என்பது 100 கோடி. 13.8 பில்லியனைத் தமிழாக்கும்போது ஒரு சுழி நழுவி 138 கோடி ஆகிவிடுவது எளிது; என் முதல் படியிலேயே அப்படித்தான் இருந்தது. தமிழ்நாட்டுச் சுவருக்குக் கோடிதான் பொருத்தம் என்பதால் இந்தக் கட்டுரையிலும் கோடியே. இலங்கையிலோ மலேசியாவிலோ படிப்பவர்கள் நூறால் வகுத்துக்கொண்டால் பில்லியன் கிடைத்துவிடும்.

முதல் வேட்பாளர்: 1,380 கோடி

செய்தித்தாள்களுக்கு மிகவும் பிடித்த எண். காரணம் எளிது: அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு, எனவே ஒளி பயணம் செய்யக் கிடைத்த நேரமும் அவ்வளவுதான், எனவே தூரம் 1,380 கோடி ஒளியாண்டு. மனக்கணக்காகவே முடிந்துவிடுகிறது. இதன் பலம், அந்த வயது நன்றாக அளக்கப்பட்ட ஒன்று என்பது. பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகளிலிருந்து வந்த மதிப்பில், ஏற்றுக்கொள்ளப்பட்ட அண்ட மாதிரியின்படி, பிழை வரம்பு கூடக்குறைய 2 கோடி ஆண்டுதான்.

பலவீனம், அது தூரமே இல்லை என்பது. சென்னையிலிருந்து மதுரை எவ்வளவு தூரம் என்று கேட்டால் “எட்டு மணி நேரம்” என்று நாம் சொல்வதில்லையா, அந்த வகை. சாலை அசையாமல் கிடக்கும்வரை நேரத்தை வேகத்தால் பெருக்கித் தூரத்தைப் பிடித்துவிடலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாலை இழுபட்டு நீண்டுகொண்டிருந்தால்? ஓடிய கிலோமீட்டர் ஒன்று, கிளம்பிய ஊர் இப்போது இருக்கும் தூரம் வேறொன்று. கடந்துவந்த சாலையும் பின்னால் நீண்டுகொண்டே போகிறதல்லவா.

ஜேட்ஸ் மண்டலத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2024-இல் அறிவிக்கப்பட்டபோது அதுவரை கண்டதிலேயே தொலைவானது அதுதான். பெருவெடிப்பு நடந்து 30 கோடி ஆண்டு வாக்கில் அது ஒளியை அனுப்பியது. அந்த ஒளி சுமார் 1,350 கோடி ஆண்டுகள் பயணம் செய்து நம்மிடம் வந்தது. இதற்குள் அந்த மண்டலம் இருந்த இடம் விலகிப் போய், இன்று 3,300 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. ஒளி கிளம்பியபோது அதற்கும் நமக்கும் (அதாவது பிற்காலத்தில் நாம் வரப்போகிற இடத்துக்கும்) இடையே இருந்தது ஏறத்தாழ 220 கோடி ஒளியாண்டுதான். ஒரே பொருளுக்கு மூன்று எண்கள்: 220, 1,350, 3,380. செய்தியில் நடு எண் வரும், நாசாவின் படக்குறிப்பில் கடைசி எண் வரக்கூடும். என் சுவரில் சண்டை போட்டுக்கொண்டவையும் இந்த இரண்டு வகைகள்தான்.

1,380-ஐ எழுதவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ‘ஆண்டுகள்’ என்று எழுதினால் மிக நல்ல எண். ‘ஒளியாண்டுகள்’ என்று மாறும்போதுதான் வில்லங்கம்.

இரண்டாவது: 4,650 கோடி

பாடநூல்களில் முறையான வரையறையாக இருப்பது இதுதான். 1956-இல் வொல்ஃப்காங் ரிண்ட்லர் என்ற இயற்பியலாளர் அண்டத் தொடுவானங்களை இரண்டாகப் பிரித்துத் தெளிவாக வரையறுத்தார். ஒன்றைத் துகள் தொடுவானம் என்றும் மற்றதை நிகழ்வுத் தொடுவானம் என்றும் தமிழில் சொல்லலாம். முதலாவது, பெருவெடிப்பிலிருந்து இன்றுவரை ஒளி நம்மை எட்டியிருக்கக்கூடிய இடங்கள் எவையோ, அவற்றின் விளிம்பு இன்று எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்கிறது. விடை ஏறத்தாழ 4,650 கோடி ஒளியாண்டு. இது ஆரம். இரு பக்கமும் சேர்த்து விட்டமாகச் சொன்னால் 9,300 கோடி. ஆரம், விட்டம் என்று குறிப்பிடாமல் 9,300-ஐ மட்டும் தூக்கிப் போடுகிறவர்களால் தனியாக ஒரு குழப்பம் நடக்கிறது. அதைத் தவிர்க்க ‘நம்மிடமிருந்து’ என்ற ஒரு சொல் போதும்.

“ஒளியை விட வேகமாக எதுவும் போகக் கூடாதே, 1,380 கோடி ஆண்டில் 4,650 கோடி ஒளியாண்டு எப்படி?” என்று கட்டாயம் ஒரு பையன் கேட்பான், கேட்கவும் வேண்டும். ஒளி வேக வரம்பு, வெளிக்குள் ஓடும் பொருளுக்கு. அந்த விண்வெளி தானே விரியும்போது இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் எவ்வளவு வேகத்திலும் கூடலாம், அந்த வரம்பு அதற்குப் பொருந்தாது. ஒளி ஆரம்ப காலத்தில் கடந்த சின்னச் சின்னத் துண்டுகள்தான் இன்றுவரை அதிகமாக நீண்டவை. ஒவ்வொரு துண்டையும், அதைக் கடந்த பிறகு அண்டம் எத்தனை மடங்கு பெருத்ததோ அத்தனையால் பெருக்கிக் கூட்டினால் 4,650 வரும். இதற்கு மேல் இதில் மர்மம் எதுவும் இல்லை.

ஆனால் மர்மம் போல இருப்பது ஒளியின் பாதை. நான் இதை முதலில் படித்தபோது இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அண்டம் சுமார் 3,80,000 வயதில் இருந்தபோது 3,000 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்தது. அதுவரை தனித்தனியாக அலைந்த எலெக்ட்ரான்கள் அணுக்களில் போய் அடங்கின. மூடுபனி விலகியது போல வெளி தெளிந்து, ஒளி தடையில்லாமல் ஓட ஆரம்பித்தது. அந்த ஒளிதான் அண்ட நுண்ணலைப் பின்புலம். 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் ஒரு ஆண்டெனாவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் போகாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். புறா எச்சமாக இருக்குமோ என்று துடைத்துக்கூடப் பார்த்தார்கள். 1978-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். நீங்கள் இதைப் படிக்கும் அறையில் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அந்த ஒளித்துகள்கள் சுமார் 400 இருக்கின்றன. காணக்கூடிய அண்டத்தின் விளிம்பிலிருந்து வந்த சேதி உள்ளங்கைக்குள் கிடக்கிறது.

அந்த ஒளி கிளம்பியபோது எவ்வளவு தூரத்தில் இருந்தது? வெறும் 4.2 கோடி ஒளியாண்டு. இன்றைய அளவில் நமக்கு அடுத்தடுத்த சந்துகளில் இருக்கும் மண்டலக் கொத்துகளின் தூரம்தான். பிறகு ஏன் வந்து சேர 1,380 கோடி ஆண்டு ஆனது? எதிர்நீச்சல். வெள்ளம் பெருக்கெடுத்த ஆற்றில் ஒருவர் கரையிலுள்ள நம்மை நோக்கி நீந்துகிறார். அவர் வேகம் மாறுவதில்லை, ஆற்றின் வேகமோ ஆரம்பத்தில் அவருடையதைப் போல அறுபது மடங்குக்கும் மேல். முகம் நம்மை நோக்கி இருக்கிறது, கை கால்களும் நம்மை நோக்கியே வீசுகின்றன, ஆளோ விலகிப் போய்க்கொண்டிருக்கிறார். ஆனால் வெள்ளம் வடிந்துகொண்டே வருகிறது. பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 400 கோடி ஆண்டு கழித்து, நம்மிடமிருந்து சுமார் 580 கோடி ஒளியாண்டு தூரம் வரை அடித்துச் செல்லப்பட்டிருந்த அந்த ஒளி ஒரு கணம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. நீச்சலும் நீரோட்டமும் சமம். அங்கிருந்துதான் அது உண்மையிலேயே நம் பக்கம் நகர ஆரம்பித்தது. கிளம்பிய இடம் இதற்குள் 1,090 மடங்கு விலகிப் போய்விட்டது. 4.2 கோடியை அதால் பெருக்கிப் பாருங்கள், 4,500 கோடிக்குப் பக்கத்தில் வரும்.

இதிலிருந்து இன்னொரு வேடிக்கை. மிகப் பழைய ஒளியெல்லாம் குறைந்த தூரத்தில் இருந்தபோது கிளம்பியது என்பதால், ஓர் அளவுக்கு மேல் தொலைவில் போகப் போக, ஒரே அளவுள்ள மண்டலங்கள் வானத்தில் சிறுக்காமல் பெருத்துத் தெரியும். தூரத்துப் பொருள் சின்னதாகத் தெரியும் என்ற அன்றாட விதி அங்கே தலைகீழ். மங்கலாகத்தான் தெரியும், அது வேறு.

சரி, 4,650-க்கு எதிராக என்ன சொல்லலாம்? ஒன்று, அந்த விளிம்பை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அது கணக்கில் வரும் கோடு. இரண்டு, அது ‘இன்று’ எவ்வளவு தூரம் என்கிறது. அந்த இன்றைய அண்டத்தை நாம் பார்க்கவே முடியாது. ஒளி கிளம்பிய காலத்து அண்டத்தைத்தான் பார்க்கிறோம். மூன்று, கொஞ்சம் நுட்பமானது. பெருவெடிப்பின் முதல் நொடியின் மிகச் சிறிய பங்கில் அண்டம் திடீரென்று பிரம்மாண்டமாக வீங்கியது என்ற இன்ஃப்ளேஷன் கருத்து உண்மையானால், அந்த வீக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தொடுவானம் 4,650-ஐத் தாண்டி எங்கேயோ போய்விடும். வழக்கமாக எழுதும் எண், வீக்கம் முடிந்த பிறகு கடிகாரத்தை ஓட விட்டுக் கிடைப்பது. இதை ஃப்ளெக்ஸில் போட முடியாது. வகுப்பில் யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

உண்மையில் பார்த்தது: 4,540 கோடி

‘காணக்கூடிய’ என்பதைக் கறாராக, ஒளியால் காணக்கூடிய என்று எடுத்துக்கொள்பவர்களின் எண் இது. மூடுபனி விலகிய அந்த நாளுக்கு முன்னால் ஒளி நேராக ஓடவே இல்லை. எனவே எவ்வளவு பெரிய தொலைநோக்கி கட்டினாலும் அந்தத் திரைக்குப் பின்னால் ஒளியால் பார்க்க முடியாது. திரை இன்று இருக்கும் தூரம் ஏறத்தாழ 4,540 கோடி ஒளியாண்டு. துகள் தொடுவானத்தை விட இரண்டு, இரண்டரை சதவிகிதம் குறைவு.

நேர்மை என்று பார்த்தால் எனக்கு இந்த எண்ணின் மேல்தான் ஆசை. நிஜமாகவே ஒரு படம் கையில் இருக்கிறது: 1989-இல் ஏவிய கோபி, 2001-இல் டபிள்யூமேப், 2009-இல் பிளாங்க் என்று மூன்று விண்கலங்கள் ஒன்றைவிட ஒன்று கூர்மையாக எடுத்த படம். “இதுதான் சுவர், இதோ அதன் போட்டோ” என்று பிள்ளைகளிடம் காட்ட முடிகிறது. ஆனால் வரையறை என்று வரும்போது ஒரு பிடி விழுகிறது. ஒளி மட்டும்தானா தூதர்? நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் பெருவெடிப்பு நடந்து ஏறத்தாழ ஒரு நொடியிலேயே பொருளிடமிருந்து விடுபட்டு ஓட ஆரம்பித்தவை. அந்தப் பழைய நியூட்ரினோக்களை நேரடியாகப் பிடிக்கும் கருவி இன்னும் வரவில்லை. வெளியிலேயே எழும் அதிர்வுகளான ஈர்ப்பலைகளுக்கு அந்த மூடுபனி ஒரு தடையே இல்லை. 2015-இல் லைகோ என்ற ஆய்வகம் முதன்முதலாக ஈர்ப்பலையைப் பிடித்தது, கருந்துளைகள் இரண்டு மோதியதிலிருந்து வந்தது அது. அண்டத்தின் முதல் கணங்களிலிருந்து வரும் ஈர்ப்பலையை என்றாவது பிடித்துவிட்டால், 4,540-ஐ எல்லை என்று எழுதிய ஃப்ளெக்ஸைக் கழற்ற வேண்டியதுதான். கருவி மாறினால் மாறும் எல்லையை வரையறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வித்தியாசம் இரண்டு சதவிகிதம்தானே, இதற்கு இவ்வளவா என்று கேட்கலாம். பொதுமக்களுக்கு ‘சுமார் 4,600 கோடி’ என்று எழுதிவிட்டால் இரண்டு கட்சியும் சமாதானம். நான் கடைசியில் அதைத்தான் செய்தேன், அதற்கு அப்புறம் வருகிறேன்.

1,450: இதை விட்டுவிடலாம்

ஹபிள் ஆரம் என்று ஒன்று உண்டு. எந்தத் தூரத்தில் மண்டலங்கள் சரியாக ஒளி வேகத்தில் விலகுகின்றனவோ அந்தத் தூரம். அண்டம் இன்று விரியும் வேகத்தைச் சொல்லும் எண்ணான ஹபிள் மாறிலியை, பிளாங்க் தருவதுபோல் 67.4 என்று எடுத்தால் 1,450 கோடி ஒளியாண்டு. சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கும் விண்மீன்களை, வைத்து அளப்பவர்கள் தரும் 73-ஐ எடுத்தால் 1,340 வாக்கில். அளப்பவர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்துப்போகவில்லை. இந்த எண் வயதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பதால், “பார்த்தீர்களா, ஒளி வேகத்தைத் தாண்டி விலகுவதை நாம் பார்க்க முடியாது, எனவே எல்லை 1,400 கோடிச் சொச்சம்” என்று நல்ல புத்தகங்களில்கூட எழுதிவிடுகிறார்கள். தப்பு. மேலே சொன்ன நீச்சல்காரரே சாட்சி: அவர் கிளம்பியபோது ஒளி வேகத்தைப் போல அறுபது மடங்குக்கு மேல் விலகிக்கொண்டிருந்தார், ஆனாலும் வந்து சேர்ந்தார். ஜேட்ஸ் மண்டலம் இன்று ஒளியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தில் விலகுகிறது, அதன் படமோ என் சுவரில் தொங்குகிறது. டமாரா டேவிஸ், சார்லஸ் லைன்வீவர் என்ற இருவர் 2004-இல் இந்தத் தவறான புரிதலுக்கென்றே ஒரு நீண்ட ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். அதன் பிறகும் அது சாகவில்லை.

1,650: வேறொரு கேள்விக்கான எல்லை

ரிண்ட்லர் சொன்ன இரண்டாவது தொடுவானம், நிகழ்வுத் தொடுவானம். முதலாவது, இதுவரை வந்தது என்ன என்று பார்க்கிறது. இது, இந்த நிமிடம் அங்கே நடப்பது என்றைக்காவது நமக்குத் தெரிய வருமா என்று கேட்கிறது. 1998-இல், அண்டம் விரிவது வேகமெடுக்கிறது என்று இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன (2011 நோபல் பரிசு சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவருக்கும்). விரிவு இப்படியே போனால், ஏறத்தாழ 1,650 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இன்று கிளம்பும் ஒளி எத்தனை யுகம் காத்திருந்தாலும் நம்மிடம் வராது. இன்று இங்கிருந்து கிளம்பும் ஒளியும் அங்கே போய்ச் சேராது. எதிர்நீச்சல்காரருக்கு முன்பு வெள்ளம் வடிந்தது போல இவருக்கு வடியப் போவதில்லை.

கன அளவில் பார்த்தால், காணக்கூடிய அண்டத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பங்குதான் இந்த எல்லைக்குள் அடங்கும். மீதி எல்லாம் பழைய தபாலில் மட்டும் தெரிகிற ஊர்கள். புதிய கடிதம் வராது. ஜேட்ஸ் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அதன் குழந்தைப் பருவத்தைப் பார்த்துவிட்டோம், இன்றைய முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

இரண்டு தொடுவானங்களையும் கூட்டினால் அழகான ஒரு மூன்றாவது எண் கிடைக்கிறது: 4,650-ம் 1,650-ம் சேர்ந்து 6,300 கோடி. இன்றைய தூரக் கணக்கில், எதிர்காலம் முழுவதும் காத்திருந்தாலும் நாம் பார்க்கக்கூடிய மிகத் தொலைவான இடம் அது. அதாவது காணக்கூடிய அண்டம் இன்னும் வளர்கிறது, ஆனால் எல்லையில்லாமல் அல்ல. இதைப் படித்தவுடன் ஃப்ளெக்ஸில் போட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. வேண்டாம் என்று விட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரே வரியில் இரண்டு எதிர்காலத்தையும் ஒரு நிகழ்காலத்தையும் பிரித்துப் படிக்காது.

யாருக்கு எது

பொதுவாக ஓர் எண் என்றால் என் ஓட்டு துகள் தொடுவானத்துக்குத்தான், மூன்று நிபந்தனைகளோடு. ‘இன்று’ என்ற சொல் இருக்க வேண்டும். ‘நம்மிடமிருந்து’ இருக்க வேண்டும். ‘சுமார்’ இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத 4,650, போன வருடத்து 1,380-ஐ விடப் பெரிய யோக்கியம் இல்லை.

புதிதாகக் கண்டுபிடித்த மண்டலத்தைப் பற்றிச் செய்தி எழுதுபவர் தூரத்தையே எழுதாமல் விட்டாலும் குற்றமில்லை. ‘ஒளி 1,350 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தது’ என்று எழுதினால் போதும். அளந்ததுக்கு மிக நெருக்கமாக இருப்பது அதுதான். உண்மையில் தொலைநோக்கி அளப்பது தூரத்தையும் இல்லை, காலத்தையும் இல்லை. ஒளியின் அலைநீளம் எத்தனை மடங்கு நீண்டிருக்கிறது என்ற செம்பெயர்ச்சியை மட்டுமே. ஜேட்ஸுக்கு அது ஏறத்தாழ 15 மடங்கு, பின்புல ஒளிக்குச் சுமார் 1,090 மடங்கு. மற்ற எண்கள் எல்லாம் அதிலிருந்து, அண்டம் எப்படி விரிந்தது என்ற மாதிரியை நடுவில் வைத்து வருபவை. ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசும்போது கோடி ஒளியாண்டுகளைத் தொடுவதே குறைவு, செம்பெயர்ச்சி எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யாருக்கும் குழப்பம் இல்லை. பள்ளிச் சுவரில் அது முடியாது.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் நான் ஓர் எண்ணோடு நிறுத்த மாட்டேன். 4.2 கோடி, 1,380 கோடி, 4,540 கோடி மூன்றையும் ஒரே ஒளிக்கதிருக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன்: கிளம்பிய தூரம், பயணித்த காலம், இன்றைய தூரம். எது தப்பு என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். அரை மணி நேரத்தில் விரியும் வெளி என்றால் என்ன என்பது அந்தச் சண்டையிலிருந்தே வெளியே வந்துவிடும், கரும்பலகையில் நான் எழுதும் எதையும் விட நன்றாக.

கண்காட்சிக்கு இந்த வருடம் எழுதிக் கொடுத்தது இது: ‘காணக்கூடிய அண்டம்: ஒளி நம்மை எட்ட இதுவரை நேரம் கிடைத்த பரப்பு. அதன் விளிம்பு இன்று நம்மிடமிருந்து சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தொலைவில். அண்டத்தின் வயது: 1,380 கோடி ஆண்டு.’ ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி படித்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, வயசுல ‘ஒளி’ விட்டுப் போச்சு, சேர்த்துடவா?” என்றார். வேண்டாம் தம்பி, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அச்சாகி முடியும்வரை கடையிலேயே நின்றேன்.